பிரம்பு ஈஸி சேர் வாங்கப் போறீங்களா?

பழைய ஸ்டைல் பிரம்பு ஈஸி சேர் வாங்கணும்னா சீர்காழி பக்கம் தைக்கால்ல ரோட்டோரமா நிறைய கடை இருக்கு, நேர்ல போய் உக்காந்து பாத்து வாங்குறதுதான் நல்லது.

முதல்ல சேரைக் கவுத்துப் பாருங்க. கால் சேர்ற மூட்டுல பிரம்பு நார் இடைவெளி விடாம இறுக்கமா சுத்தியிருக்கணும், ஆணி மட்டும் அடிச்சு விட்டிருந்தா கொஞ்ச நாள்லயே ஆட ஆரம்பிச்சிடும். பின்னல்ல நார் பிசிறா நிக்குதான்னு விரலால தடவிப் பாருங்க, புடவை மாட்டும். நிறைய பேர் பிளாஸ்டிக் வயர் பின்னலையும் பிரம்புன்னே விக்கிறாங்க, நிஜப் பிரம்புல கணு தெரியும், நிறமும் ஒரே மாதிரி இருக்காது.

வீட்ல ஜன்னல் பக்கம் போடுங்க, ஆனா நேர் வெயில் வேணாம், நார் காஞ்சு வெடிச்சிடும். கைத்தறி துணியில மெல்லிசா ஒரு குஷன், பக்கத்துல சின்ன ஸ்டூல், ஒரு மணி பிளான்ட், அவ்ளோதான், மேல மேல அடுக்குனா அந்தப் பின்னலோட அழகே மறைஞ்சிடும்.

சீட் கொஞ்சம் தொய்ஞ்சா அடிப்பக்கம் ஈரத்துணியால நல்லா நனைச்சு, யாரும் உக்காராம நிழல்ல காய விடுங்க, காயும்போது நார் சுருங்கி திரும்ப இறுகிக்கும்.