பாபநாசம் படத்தைக் காண்ட்டிடம் கொடுத்தால்

2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பாபநாசம் இல்லை. இருந்தாலும் அறவியல் பழக இதைவிட வசதியான தமிழ்ப்படம் எனக்குத் தெரியாது. கதை தெரிந்ததுதான்: மகள் குளிப்பதைப் படமெடுத்து மிரட்டிய பையன் அவள் அடித்ததில் செத்துப்போகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற, அன்று எல்லாரும் வெளியூரில் இருந்ததாக அப்பா சுயம்புலிங்கம் ஒரு கதையைக் கட்டுகிறார்.

அவர் செய்தது சரியா என்று கட்டுரை எழுதச் சொன்னால் பலர், "நாலு பேர் பிழைத்தார்கள், ஆகவே பயன்பாட்டுவாதப்படி சரி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து அதிக நன்மை தருவதே சரி என்பதுதான் பயன்பாட்டுவாதம். ஆனால் அதை வகுத்த ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாமின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. பாதிக்கப்படும் எல்லாரும் அதில் வரவேண்டும், ஆளுக்கு ஒரு பங்கு. மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத, செத்த பையனின் அம்மாவான அந்தப் போலீஸ் ஐ.ஜி.யின் தவிப்பை எங்கே எழுதினீர்கள்? குடும்பத்தைக் கொடுமைப்படுத்தினார் என்பதற்காக அவரைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. தலைமடைக்காரர் தன் வயல் நிறைந்ததை மட்டும் பார்த்துவிட்டு, கடைமடையில் காய்கிற சம்பாவை மறப்பது மாதிரிதான் இது.

விளைவை அல்ல, கடமையைப் பார்க்கச் சொன்ன ஜெர்மன் தத்துவவாதி காண்ட் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். "சட்டத்தை மீறினார், அதனால் தவறு" என்பார்கள். காண்ட் பேசும் சட்டம் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பது அல்ல, நம் அறிவே நமக்கு விதித்துக்கொள்ளும் அறச்சட்டம். அப்புறம், "எல்லாரும் பொய் சொன்னால் ஊர் கெட்டுப்போகும்" என்பார்கள். விளைவைப் பார்க்க ஆரம்பித்ததுமே மறுபடி பெந்தாம் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்!

1785-ல் காண்ட் எழுதியது வேறு: நீ செய்வதை எல்லாருக்குமான விதியாக்க முடியுமா என்று பார். வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சும் முறைத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ராத்திரியில் மதகைத் தூக்குகிறவருக்கு, மற்றவர்கள் முறையை மதித்தால்தான் காரியம் நடக்கும். எல்லாரும் தூக்கினால் முறை என்று ஒன்று இருக்காது, மீறுவதற்கும் எதுவும் இருக்காது. நஷ்டம் வருமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த எண்ணம் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. சாட்சியும் அப்படித்தான். சாட்சியை நம்பும் வழக்கம் இருப்பதால்தான் பொய்ச்சாட்சி பலிக்கிறது.

பொய்யையே பிடித்துக்கொண்டு பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பஸ் கண்டக்டரும் ஓட்டல்காரரும். சுயம்புலிங்கம் பேச்சோடு பேச்சாகத் தேதியை அவர்கள் மனதில் ஏற்றிவிடுகிறார். அவர்களும் உண்மை என்று நம்பியே போலீஸில் சொல்கிறார்கள். மனிதரை வெறும் கருவியாக்காதே என்ற காண்ட்டின் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி இந்தப் படத்தில் இல்லை. என்னைக் கேட்டால் கட்டுரையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-ல் காண்ட் எழுதியதையும் சிலர் அப்படியே கொண்டுவந்து ஒட்டுவார்கள். ஆனால் பொய் சொல்லாமல் இருப்பதும் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவதும் ஒன்றல்ல. முதலாவதைத்தான் காண்ட் கேட்டார். கடைசியில் அந்தப் பையனின் பெற்றோர் முன் நின்று, எல்லாவற்றையும் சொல்லாமல், மகன் இனி வரமாட்டான் என்று மட்டும் சுயம்புலிங்கம் புரியவைக்கிறாரே, அந்தக் காட்சியை இந்த வேறுபாட்டோடு இன்னொரு முறை பாருங்கள்.