போதகரை நம்புவதற்கு முன் சோதித்தறிவது எப்படி

முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டு, பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்து, 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்ட ஆதிக் கிறிஸ்தவ நூல் ‘டிடாக்கே’. ஊர் ஊராக வரும் ஊழியக்காரரைச் சபையார் எப்படிப் பகுத்தறிய வேண்டும் என்று அது சொல்லும் பகுதி நம்மைத் திகைக்க வைக்கும் அளவுக்கு நேரடியானது. வந்தவர் ஒரு நாள் தங்கலாம். தேவையானால் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரை வேண்டிய அப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. ஆவிக்குள்ளாகி “விருந்து ஆயத்தம் பண்ணுங்கள்” என்று கட்டளையிட்டுவிட்டு, அந்தப் பந்தியில் தாமே உட்கார்ந்து சாப்பிடுகிறவரும் அப்படியே. இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்படி அவர் கேட்டால் மட்டும் ஒருவரும் அவரைக் குற்றப்படுத்த வேண்டாம் என்று அந்நூல் விதிவிலக்குத் தருகிறது.

அவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினார் என்பது அங்கே கேள்வியே அல்ல. அவருடைய நடத்தையே கேள்வி. ஆகவே நீங்களும் மேடையில் அவர் நிற்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் பணத்தை எப்படிக் கையாளுகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களை உடன் வைத்துக்கொண்டதோடு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கவே அப்படிச் செய்ததாக 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காரணமும் எழுதினார். எனவே காணிக்கையை எண்ணுகிறவர்கள் யார், வங்கிக் காசோலையில் கையெழுத்திடுகிறவர்கள் யார், அவர்களும் போதகரும் ஒரே குடும்பமா, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆண்டுதோறும் சபையாருக்கு முன்பாக வாசிக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். ‘விதைக் காணிக்கை’ என்ற பெயரில், இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு திரும்ப வரும் என்று கணக்குச் சொல்லப்படும் இடத்தில் மேற்கொண்டு விசாரிக்காமலே விலகிவிடலாம் என்பது என் கருத்து.

அற்புதங்கள் நடக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். உபாகமம் 13-ஆம் அதிகாரம் இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது: அடையாளம் நடந்தேறினாலும், அதைச் சொன்ன தீர்க்கதரிசி வேறு தேவர்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. நடந்ததாகத் தோன்றுவதெல்லாம் நடந்ததும் அல்ல. அமெரிக்க ஊழியக்காரர் பீட்டர் போப்பாஃப், கூட்டத்தில் இருப்பவர்களின் பெயரையும் வியாதியையும் முகவரியையும் தேவன் வெளிப்படுத்தியதைப் போலச் சொல்லிவந்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஜெபக் குறிப்பு அட்டைகளில் எழுதிக்கொடுத்திருந்ததை அவருடைய மனைவி வானொலி அலைவழியே அவர் காதிலிருந்த சிறு கருவிக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை, 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக் கலைஞரின் குழுவினர் அந்த அலையை ஒட்டுக்கேட்டு, பதிவு செய்து, அம்பலப்படுத்தினார்கள். இன்று அந்தக் கருவிகூடத் தேவையில்லை. நம் வீட்டு விவரங்களை நாமே ஃபேஸ்புக்கில் எழுதுகிறோம், ஜெப உதவிக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறோம். உங்கள் காரியத்தை ஒருவர் ‘வெளிப்படுத்தினால்’, அதை இதற்கு முன் யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று அமைதியாக எண்ணிப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து உடனே விலகுங்கள்.

தீர்க்கதரிசனம் சொல்கிறவரைச் சோதிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சொல்லப்பட்ட வார்த்தையைத் தேதியோடு அப்படியே எழுதிவைத்து, ஓர் ஆண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். (‘இந்த ஆண்டு பெரிய தலைவர் ஒருவர் மரிப்பார்’ என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதை நானும் சொல்வேன்.) ஹெரால்டு கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் போதகர் 2011 மே 21-ஐ நியாயத்தீர்ப்பின் நாளாக அறிவித்தார், அது பொய்த்தபின் அக்டோபர் 21 என்றார், அதுவும் பொய்த்தது. மறு ஆண்டு தம் தவறை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் அவரை நம்பித் தங்கள் சேமிப்பை விளம்பரங்களுக்குச் செலவழித்தவர்கள் இருந்தார்கள்.

உபதேசத்தைச் சோதிப்பதற்கு, பவுல் பிரசங்கித்த பெரோயா பட்டணத்தார் வழிகாட்டினார்கள். பவுல் சொன்னதையே அவர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பிரசங்கத்தில் ஒரு வசனம் வந்தால், வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். நான் இருந்த ஒரு சபையில், கட்டட நிதியின் கணக்கைக் கேட்ட முதியவர் ஒருவருக்கு, “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்” என்ற வசனமே பதிலாகக் கிடைத்தது. அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை. அந்த 105-ஆம் சங்கீதத்தைத் திறந்து பார்த்தால், தேசம்விட்டுத் தேசம் அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததை அது பாடுவது தெரியும். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் நாதியற்ற பரதேசிகள், தடுக்கப்பட்டவர்களே அதிகாரத்தில் இருந்தவர்கள். கேள்வி கேட்பது தீங்கு செய்வதும் அல்ல. அபிஷேகம் பெற்ற ராஜாவாகிய தாவீதைத் தீர்க்கதரிசி நாத்தான் “நீயே அந்த மனுஷன்” என்றான். பேதுருவைப் பவுல் அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தார்.

உபதேசம் சரியாக இருப்பதும் போதாது என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். சென்னையில் பிறந்து உலகெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சகரியாஸ் 2020-இல் மரித்தார். அவர் பல பெண்களிடம் பாலியல் ரீதியாக முறைகேடாக நடந்ததை, அவர் நிறுவிய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியது. முன்பே புகார் சொன்ன பெண்ணை நம்பாமல் சகரியாஸை நம்பியது தவறு என்று அந்த அமைப்பு ஒப்புக்கொண்டது. அவருடைய வாதங்களைக் கேட்டவர்கள் இப்படி ஒன்று இருக்குமென்று கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஆகையால் போதகரைக் கண்டிக்கவும், வேண்டுமானால் பதவியிலிருந்து நீக்கவும் அதிகாரமுள்ள மூப்பர்கள் இருக்கிறார்களா, அவர்கள் அவரிடம் சம்பளம் வாங்காதவர்களா என்று கேளுங்கள்.

அதே வேளையில், ஒரு பிழையைக் கண்டவுடன் ஒருவரைக் கள்ளப்போதகர் என்று பறைசாற்றிவிடவும் கூடாது. ஆதிச் சபையில் போதித்த அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன். ஆயினும் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்தான். கூடாரத் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள். நீங்களும் முதலில் தனியாகச் சந்தித்து, ஒரே ஒரு சிறு கேள்வியை மரியாதையோடு கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதையும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உங்களைக் குத்திக்காட்டும் பேச்சு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். பிறகு, அவர் முன்பு ஊழியம் செய்த ஊரின் சபையாரிடம் விசாரியுங்கள். அப்பொல்லோ அகாயாவுக்குப் புறப்பட்டபோதும் சகோதரர்தான் அவனுக்காக நிருபம் எழுதிக் கொடுத்தார்கள்.