பச்சோந்தி நோயுற்றால் செய்யக் கூடாதவை

ஓசூர்ப் பக்கத்தில் வெளிநாட்டுப் பச்சோந்தி வளர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள், அது சோர்ந்து கிடக்கும் நாளில் என்னை அழைக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த அதே காரியங்களை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்து முடித்த பிறகே அந்த அழைப்பு வருகிறது. கூண்டைச் சுத்தமாக வைத்திருப்பது, ஓயாமல் கையில் தூக்காமல் இருப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்படுவது ஏமன், சவூதி அரேபியா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட வெயில்டு கமீலியன். மடகாஸ்கரின் பாந்தர் கமீலியனுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

மாந்தோப்பில் பிடித்த நாட்டுப் பச்சோந்தி

வளர்க்கக் கூடாது. அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அடிபட்டுக் கிடந்தாலும் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. விற்பவர்களில் சிலர் பச்சோந்தியோடு ஒரு சிரிஞ்சையும் பையில் போட்டு, சோர்வாகத் தெரிந்தால் குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றிவிடும்படி சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டிப் பழகிய வீடுகளில் இந்த அறிவுரையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மத்திகிரிப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணா, நேத்துல இருந்து கண்ணே திறக்கல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று அழைத்தார். நான் போனபோது, பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த அவருடைய தாயார் பச்சோந்தியை முந்தானையில் சுற்றிப் பிடித்திருக்க, தம்பி அதன் தாடையோரத்தை நகத்தால் நெம்பி, ஐந்து மில்லி சிரிஞ்சை உள்ளே நுழைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "பாருங்க தம்பி, கொஞ்சம் குடிச்சிடுச்சு" என்று அந்த அம்மா மகிழ்ச்சியோடு சொன்ன நேரத்திலேயே, அதன் மூக்குத் துளையில் சிறு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது.

கூண்டின் அடியில் கிடந்த எச்சத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் பகுதி, அதாவது சிறுநீர்க் கழிவு, ஆரஞ்சு நிறத்தில் காய்ந்திருந்தது. நீரைப் புகைபோலத் தெளிக்கும் மிஸ்டிங் கருவியின் முனையில் போர் தண்ணீரின் உப்புப் படிந்து, துளை முழுவதும் அடைபட்டிருந்தது. அதற்கு இருந்தது நோயே இல்லை, தாகம். அந்தத் தாகத்துக்குச் செய்த வைத்தியத்தில்தான் நுரையீரலுக்குள் நீர் புகுந்தது. வாரம் முடிவதற்குள் அது வாயைப் பிளந்து, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்கத் தொடங்கியது. பெங்களூரில் எடுத்த எக்ஸ்ரேவுக்கும் போட்ட ஊசிகளுக்கும் தம்பியின் ஒரு மாதச் சம்பளம் போயிற்று, பச்சோந்தி பிழைக்கவில்லை.

பச்சோந்தியின் மூச்சுக்குழல் வாயின் தரையில், நாக்கை ஒட்டியே திறக்கிறது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்கு இல்லாததால், தவறிப் புகுந்த நீரைப் பலமாக இருமி வெளியேற்றவும் இயலாது. உள்ளே தேங்கிய சர்க்கரைத் தண்ணீரில் கிருமி பெருகி, நிமோனியாவாக மாறும் வரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை. "நேற்று ஊற்றினேன், நன்றாகத்தானே இருந்தது" என்று பலர் சொல்வது இதனால்தான்.

கிண்ணத்தில் வைத்த நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலையில் அசைந்து மின்னும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். மருந்துக் கடையில் ஒரு டிரிப் செட் வாங்கி, கூண்டின் மேல் வைத்த பாட்டிலில் பொருத்தி, அதன் உருளையைத் திருகி, ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் செம்பருத்தி இலைமேல் விழும்படி விடுங்கள். சொட்டுநீர்ப் பாசனம் தெரிந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இரண்டு நிமிடம் தெளித்துப் பார்த்துவிட்டுக் குடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது அடுத்த பிழை. நீர் பட்டதும் அது முதலில் கண்களை உருட்டியும் கிளையில் தேய்த்தும் கழுவிக்கொள்ளும். குடிக்கத் தொடங்கப் பத்து நிமிடம் கூட ஆகலாம். ஆகவே அரை மணி நேரமாவது சொட்டவிட்டு, நீங்கள் எதிரே நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். எழ முடியாமல் கிடப்பதற்கு உதட்டோரத்தில் ஒரே ஒரு துளி வைக்கலாம். நக்கினால் அடுத்த துளி, நக்காவிட்டால் அதோடு நிறுத்த வேண்டும். அதற்குமேல் தோலுக்கடியில் நீர் ஏற்றுவது மருத்துவரின் வேலை.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் வீட்டில் கிடைக்குமானால் கருவிக்கும் அதையே ஊற்றுங்கள். எந்தத் தண்ணீரானாலும் முனையை வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

கண்ணாடி வழியே வரும் வெயில்

நம் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள், கூண்டை ஜன்னலருகே வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். உடலில் வைட்டமின் டி3 உருவாகத் தேவைப்படும் யூவிபி என்னும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். டி3 இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. எலும்பு மென்மையாகி, முன்னங்கால் வளைந்து, கிளையைப் பற்றும் பிடி தளரும். நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்க முடியாமல் போவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கண்ணில் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் பவுடரை மேலும் மேலும் தூவுவதாலும் பயனில்லை. டி3 கலந்த பவுடரை அளவின்றிக் கொடுத்தால் அதுவே நஞ்சாகும்.

யூவிபி விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் மட்டும் கதிர் வருகிறது என்று பொருளில்லை. ஒளி குறையாமலே கதிர் குறைந்துவிடுவதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், அதாவது வகையைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்றியே ஆக வேண்டும். காலை வெயிலில் வலைக் கூண்டோடு வெளியே வைப்பது மிக நல்லது. பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்க வேண்டும். தருமபுரியின் ஏப்ரல், மே மாத நண்பகலில் இதைச் செய்தால் நோய்க்கு முன் சூடே கொன்றுவிடும்.

மூடிய கண்ணுக்கு மனிதரின் சொட்டு மருந்து

ஊற்றாதீர்கள். பகலில் கண் மூடியிருப்பது உடல் முழுவதும் தளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கண்ணோடு நின்றுவிடும் நோய் என்று எண்ண வேண்டாம்.

இரவிலும் எரியும் விளக்கு

நோயாளிக்குக் கதகதப்பு வேண்டும் என்று இரவெல்லாம் பல்பை எரியவிடுகிறார்கள். பகலில் 29 முதல் 32 டிகிரி வரை வெப்பமுள்ள ஓர் இடமும், இரவில் இருளும் குளிர்ச்சியும் அதற்கு வேண்டும். மருத்துவர் சொன்னால் மட்டுமே இந்த முறையை மாற்றலாம்.

வயிறு உப்பினால் மலச்சிக்கல் என்று முடிவு செய்வது

பெண் வெயில்டு கமீலியன் ஆணோடு சேராமலே முட்டையிடும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. வயிறு பருத்து, உணவை மறுத்து, கூண்டின் தரையில் இறங்கிச் சுரண்டிக்கொண்டே இருந்தால் அது முட்டையிட இடம் தேடுகிறது. அந்த நேரத்தில் விளக்கெண்ணெய் கொடுப்பது வீண் வேலை மட்டுமன்று, முன்பு சொன்ன அதே ஆபத்தும் அதில் இருக்கிறது. ஒரு முழுப் பெண் பச்சோந்தி உள்ளே நுழைந்து தோண்டும்படி, சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் நிரப்பிய வாளியை வைத்து, கூண்டைத் துணியால் மறைத்துவிடுங்கள். தோண்டியும் முட்டையிடாமல், தரையிலேயே கண் மூடிப் படுத்துவிட்டால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்று கொண்டு, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

வயலில் பிடித்த வெட்டுக்கிளி

ஓசூர் ரோஜாத் தோட்டத்திலும் ராயக்கோட்டைத் தக்காளி வயலிலும் எப்போது மருந்து அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வளர்ப்புப் பூச்சியே போதும். உண்ணாத கிரிக்கெட் பூச்சிகளை இரவில் கூண்டில் விட்டுவைக்காதீர்கள். தளர்ந்து கிடப்பதன் தோலை அவை கடிக்கும்.

எடை பார்க்காமல் மருந்து

மாட்டுக்கும் நாய்க்கும் பார்ப்பவரிடம் கெஞ்சி ஓர் ஊசி போட்டுக்கொள்வதில் பெரிய ஆபத்து உண்டு. ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள், உடலில் நீர் வற்றியிருக்கும் ஊர்வனவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள உயிருக்குக் கண்ணால் அளந்து மருந்து கொடுக்க முடியாது. கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, வாரந்தோறும் எடையைக் குறித்துவையுங்கள்; பச்சோந்தி நோயை மறைக்கும், எடையை மறைக்க அதனால் முடியாது. நாமக்கல்லிலும் பெங்களூரு ஹெப்பாளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே செல்வதானாலும், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் அன்று இருப்பாரா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக் காகிதம் இல்லை என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பது

இந்த இனம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பதிவை நோய் வருமுன் முடித்துவையுங்கள்.

பயணம்

பைக்கின் முன்புறம் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டு ஓசூரிலிருந்து பெங்களூரு வரை கொண்டுபோனவர் ஒருவரை எனக்குத் தெரியும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் குறுக்கே ஒரு கிளையை அசையாமல் பொருத்தி, மேலே இருண்ட துணி போர்த்தி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக் காற்று நேரே படக் கூடாது. அன்று காலை இட்ட எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் அதைக் கேட்பார்.