மெனு வருகிறது, படம் வரவில்லை: ஓடிடி பெட்டியையும் பழைய டிவியையும் சேர்த்துவைப்பது எப்படி?

பெட்டி புதுசு, டிவி பழசு. மெனு தெரிகிறது, போஸ்டர்கள் பளிச்சென்று வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு படத்தைத் தேர்ந்து ஓகே அழுத்தினால் திரை கறுப்பாகிவிடுகிறது. வசனம் மட்டும் கேட்கிறது, ஒலிச்சித்திரம் மாதிரி. எங்கள் வீட்டில் நான்கு நாள் இதே கதை.

பெட்டிதான் பழுது என்று முடிவுகட்டி, கடையில் சண்டைபோட்டு வேறு பெட்டி வாங்கிவந்தேன். அதுவும் அதையே செய்தது. அடுத்து டிவி பார்க்க வந்த மெக்கானிக், பின்பக்கம் ஒரு நிமிடம் டார்ச் அடித்துவிட்டு, “போர்டு போயிடுச்சு சார், ஏழாயிரம் ஆகும்” என்றார். போர்டு எங்கேயும் போகவில்லை. கடைசியில் செலவானது ஒரு கேபிள் காசு மட்டும். கற்றதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். வைஃபை இணைப்பது, கணக்கில் நுழைவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் பெட்டியும் டிவியும் இரண்டு விஷயம் பேசிக்கொள்கின்றன. ஒன்று, டிவி தன் ஜாதகத்தைக் கொடுக்கிறது: என் திரை இத்தனை பிக்சல், விநாடிக்கு இத்தனை பிரேம் காட்டுவேன், இன்னின்ன ஒலி வகை தெரியும் என்று. இதற்கு இடிஐடி என்று பெயர். பெட்டி அதைச் சரிபார்ப்பதில்லை, அப்படியே நம்பிவிடும். இரண்டாவது, பூட்டு சாவி. படத்தை யாரும் நடுவில் பிரதி எடுக்காமலிருக்க இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற ஏற்பாடு அது. 4கே, அதாவது ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு பிக்சல் உள்ள படங்களுக்கு, ஓடிடிக்காரர்கள் அதன் 2.2 பதிப்பைக் கேட்கிறார்கள். பெட்டி, டிவி, நடுவில் ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாமே 2.2 பேச வேண்டும். மெனுவுக்கு இந்தப் பூட்டு தேவையில்லை. அதனால்தான் மெனு மட்டும் ஜோராக வருகிறது.

படி 1: எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள்

ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்கிறது, பழைய பேச்சுவார்த்தையை மறப்பதில்லை. டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள். முதலில் டிவியைப் போட்டு, சரியான இன்புட்டுக்கு மாற்றி, அதன்பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை.

படி 2: 1080பிக்கு இறக்குங்கள்

பெட்டியின் அமைப்புகளில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 1080பி (ஃபுல் எச்டி), 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக்காட்டும் வசதி) இருந்தால் அதையும் அணையுங்கள். இப்போது படம் ஓடினால் பெட்டி நன்றாக இருக்கிறது, டிவியும் நன்றாக இருக்கிறது. சிக்கல் 4கேவில் மட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் நான் செய்திருக்க வேண்டியது இது.

திரை முழுக்கக் கறுப்பு, மெனுவே தெரியவில்லை, எப்படி இறக்குவது? பெட்டியைக் கழற்றிப் பக்கத்து வீட்டு டிவியிலோ எச்டிஎம்ஐ உள்ள கணினித் திரையிலோ மாட்டி, 1080பி ஆக்கிவிட்டு எடுத்து வாருங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் என்றால் அந்த அலைச்சலும் வேண்டாம். ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்ட் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், அதுவே ஒவ்வொரு ரெசல்யூஷனாக மாற்றிக்காட்டும். படம் தெரிந்ததும் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் டிவி 32 அங்குல எச்டி ரெடி வகை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் திரையே 1366 க்கு 768 பிக்சல்தான். 4கே பெட்டி வாங்கியதற்காக அதில் 4கே வராது.

படி 3: எந்த ஓட்டை?

இங்கேதான் நான் மூன்று நாள் விழுந்து கிடந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் டிவி 2015இல் வாங்கிய 43 அங்குல 4கே. பின்னால் மூன்று எச்டிஎம்ஐ ஓட்டைகள். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காலத்து 4கே டிவிகள் பலவற்றில் ஒன்றிரண்டு ஓட்டைகளுக்கு மட்டும்தான் எச்டிஎம்ஐ 2.0, எச்டிசிபி 2.2 இரண்டும் உண்டு. மற்றவை எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே போனாலும் விநாடிக்கு 30 பிரேம்தான், பூட்டும் பழைய பூட்டு. எச்டிஎம்ஐ 2.0 வந்ததே 2013 செப்டம்பரில் என்பதால், அதை ஒட்டி வந்த டிவிகளில் இந்தக் கலப்படம் சகஜம்.

என் டிவியில் அந்த நல்ல ஓட்டை எது? சுவரில் மாட்டிய டிவி. இரண்டு விரல் நுழையும் சந்து. தலையை விட முடியாது. போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோ எடுத்தபடியே சந்துக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். பல்லி முட்டை, ஒட்டடை, அப்புறம் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பொடி எழுத்து. வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டாம் ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் “4கே 60, எச்டிசிபி 2.2”. அந்த ஓட்டையில் யார் உட்கார்ந்திருந்தார்? கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ். அதிலிருந்து வருவதோ சாதா எச்டி. டிவி மாட்டிய நாளிலிருந்து ராஜா சிம்மாசனத்தில் மந்திரியின் வேலைக்காரன்.

இரண்டையும் இடம் மாற்றினேன். படம் ஓடியது.

எழுத்து தெரியாவிட்டால் டிவி ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை வைத்து, கம்பெனி தளத்தில் கையேட்டை இறக்கி, “2.2” என்று தேடுங்கள். நடுவில் சவுண்ட்பார், ஸ்பிளிட்டர், ஸ்விட்ச் எது இருந்தாலும் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி பழசானாலும் பூட்டு திறக்காது. சில செயலிகள் சத்தமில்லாமல் எச்டிக்கு இறங்கிக்கொள்ளும், சில பிழை எண் காட்டும், சில கறுப்புத் திரையோடு நின்றுவிடும். நான் வீம்புக்கு 4கே என்று கையால் வைத்திருந்தேன், அதனால் மூன்றாவது.

படி 4: டிவிக்குள் ஒளிந்திருக்கும் சுவிட்ச்

சரியான ஓட்டையில் மாட்டியும் எச்டிஆர் வரவில்லையா? பல டிவிகளில் அந்த ஓட்டையின் முழு வேகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் “இன்புட் சிக்னல் பிளஸ்”, எல்ஜியில் “எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்”, சோனியில் “எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்” என்பதற்குள் “என்ஹான்ஸ்டு”. எந்த ஓட்டையில் பெட்டி இருக்கிறதோ அதற்கு மட்டும் போடுங்கள். பழைய டிவிடி பிளேயர் மாட்டியதற்குப் போட்டால் அதன் படம் வராமல் போகலாம்.

படி 5: கேபிள்

அந்த சுவிட்சைப் போட்டதும் எனக்கு அடுத்த கண்டம். படம் வருகிறது, நடுநடுவே வெள்ளைப் பொறி பறக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி கறுப்பாகி மீள்கிறது. காரணம் டிவிடி காலத்தில் வாங்கிய ஐந்து மீட்டர் கேபிள். எச்டிஎம்ஐ 1.4க்கு விநாடிக்கு 10.2 கிகாபிட் போதும், 2.0 முழு வேகத்தில் ஓட 18 கிகாபிட் வேண்டும். பழைய கேபிள் திணறுகிறது.

கடையில் “2.0 கேபிள் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். கேபிளுக்கு அதிகாரபூர்வமாகப் பதிப்பு எண் கிடையாது. “பிரீமியம் ஹை ஸ்பீடு” என்று சான்றிதழ் ஸ்டிக்கர் ஒட்டியதை வாங்குங்கள், அதில் ஸ்கேன் செய்து பார்க்கும் கட்டம் இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் தேவையில்லாமல் வாங்க வேண்டாம். தங்கமுலாம், பின்னல் உறை எல்லாம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். மூவாயிரம் ரூபாய் கேபிள் படத்தைக் கூடுதல் பளிச்சாக்கும் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு

டிவியின் யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 5 வாட். மெனுவில் நன்றாக இருந்து, படம் தொடங்கியதும் ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம், மின்சாரம் பற்றவில்லை. ஸ்டிக்கோடு வரும் குட்டி எக்ஸ்டென்ஷன் வயரையும் தூக்கிப்போடாதீர்கள். டிவியின் முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கினால் வைஃபையும் நன்றாகப் பிடிக்கும், சூடும் குறையும்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

பெட்டி டால்பி ஒலியை அப்படியே அனுப்புகிறது, டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. பெட்டியின் ஆடியோ அமைப்பில் “ஆட்டோ” என்பதை “பிசிஎம்” அல்லது “ஸ்டீரியோ” ஆக்குங்கள். முடிந்தது.

ஓரம் வெட்டுப்படுகிறது

டியூப் டிவி காலத்துப் பழக்கமாக, சில டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடும். பெட்டியில் திரையளவைச் சுருக்குவதைவிட டிவியில் சரிசெய்வதே மேல். சாம்சங்கில் “ஃபிட் டு ஸ்கிரீன்”, எல்ஜியில் “ஜஸ்ட் ஸ்கேன்”, சோனியில் “ஃபுல் பிக்சல்” மாதிரிப் பெயர்களில் இருக்கும்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு ஒருவர், படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒரு நொடி கறுப்பாகிறது, கேபிளை மாற்றியும் போகவில்லை என்று கேட்டிருந்தார். கேபிள் காசு வீணானதற்கு மன்னிக்கவும். அவர் பெட்டியில் “படத்தின் பிரேம் வேகத்துக்கு ஏற்ப மாற்று” என்ற வசதி போடப்பட்டிருந்தது. சினிமா விநாடிக்கு 24 பிரேம், மெனு 60. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது டிவி ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். அது பழுதில்லை. தொந்தரவாக இருந்தால் அணைத்துவிடுங்கள், நான் அணைக்கவில்லை. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் அந்த லேசான உதறல் இல்லாமலிருப்பது எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை 2

இன்னொருவருக்கு எச்டிஆர் போட்டதும் படம் இருண்டுவிட்டதாம். விலை குறைந்த டிவிகள் எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதைக் காட்டும் அளவுக்குப் பின்வெளிச்சம் இருக்காது. பெட்டியில் “எப்போதும் எச்டிஆர்” என்பதை மாற்றி, படத்துக்கு ஏற்ப மாறும் வகையில் வையுங்கள். அப்போதும் இருட்டு என்றால் மொத்தமாக அணையுங்கள்.

பின்சேர்க்கை 3

டியூப் டிவியில் ஓடிடி பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: எச்டிஎம்ஐயை சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வயராக மாற்றும் குட்டி டப்பா கிடைக்கிறது. ஆனால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் டப்பாவும் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், இரண்டும் ஒருவழிப் பாதை. மேலே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். அதற்குத் தனியாக 5 வோல்ட்டும் கொடுக்க வேண்டும். மாட்டினாலும் மெனு எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவை. என்னைக் கேட்டால் அந்தக் காசைப் பழைய எல்இடி டிவிக்குச் சேர்த்துவையுங்கள்.

பின்சேர்க்கை 4

இது என் வீட்டுப் புகார். எல்லாம் சரியான மறுநாள் மாலை, அத்தை சீரியல் பார்க்க செட்டாப் பாக்ஸைப் போட்டார். கரண்ட் ஒருமுறை போய்வந்தது. வந்ததும் டிவி தானாகவே ஓடிடி பெட்டிக்குத் தாவிவிட்டது. “மாப்பிள்ளை, உங்க பெட்டி என் சீரியலை முழுங்கிடுச்சு” என்றார். இது சிஇசி வேலை. எச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி இன்னொன்றை எழுப்பவும் இன்புட்டை மாற்றவும் உதவும் வசதி. சாம்சங்கில் “எனிநெட் பிளஸ்”, எல்ஜியில் “சிம்ப்ளிங்க்”, சோனியில் “பிராவியா சிங்க்” என்று தேடினால் கிடைக்கும். மொத்தமாக அணைத்தால் பெட்டியின் ரிமோட்டால் டிவியைப் போடுவது நின்றுபோகலாம். அதனால் நான் பெட்டியின் அமைப்பில், தானாக இன்புட் மாற்றும் ஒன்றை மட்டும் அணைத்தேன். ஏழரை மணி சீரியலுக்கு முன்னால் வேலை முடிந்தது.