முதலில் மன்னிப்பா, வக்கீலா? ஜப்பானியரோடும் அமெரிக்கரோடும் வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய, அமெரிக்க அலுவலகங்களுக்கு நடுவே வேலை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள், விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், இத்தனை டிகிரி குனிய வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அதில் தவறினால் யாரும் கோபிப்பதில்லை. வெளிநாட்டுக்காரர், போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒப்பந்தம் கை நழுவுவது வேறு இடங்களில்.

கூட்டத்திலேயே முடிவு கேட்பது

பழைய முறையில் நடக்கும் ஜப்பானிய நிறுவனங்களில், கூட்டம் கூடும்முன்பே முடிவு ஏறக்குறைய உருவாகியிருக்கும். சம்பந்தப்பட்ட ஒவ்வொரு துறையிடமும் தனித்தனியாகப் பேசி ஆட்சேபங்களைத் தீர்ப்பதை நெமவாஷி என்பார்கள். பிறகு ரிங்கிஷோ என்ற ஒப்புதல் தாள் கீழிருந்து மேலே போகும். பிரிவுத் தலைவர், துறைத் தலைவர் என்று ஒவ்வொருவராக முத்திரை வைப்பார்கள். இது தெரியாமல் ‘இன்றே சொல்லிவிடுங்கள்’ என்று நெருக்கினால் எதிர்ப்பக்கம் அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் தாங்க முடியாத அமெரிக்கர், யாரும் கேட்காமலே விலையைக் குறைப்பார். ஆவணங்களை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். யார் யார் முத்திரை வைக்க வேண்டும் என்று பொறுப்பாளரிடம் தனியாகக் கேளுங்கள். அமெரிக்கக் கூட்டத்துக்குப் போகும் ஜப்பானியர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அங்கே வாய் திறக்காதவருக்குக் கருத்தே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

தலையாட்டலைச் சம்மதமாக எழுதிக்கொள்வது

ஜப்பானியர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மினிட்ஸில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று போடாதீர்கள்.

வக்கீல் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது

அமெரிக்க நிறுவனம் அனுப்பிய சரக்கில் கோளாறு. ஜப்பானிய வாடிக்கையாளர் தகவல் சொல்கிறார். அமெரிக்கத் தரப்பில் முதல் போன் சட்டப் பிரிவுக்குப் போகிறது. ‘காரணம் தெரியும்வரை எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்’ என்கிறார்கள். சில நாள் கழித்து ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், விசாரணை நடக்கிறது’ என்று இரண்டு வரி மெயில் போகும். வாடிக்கையாளர் சத்தம் போட மாட்டார். அடுத்த ஆர்டர் வராது, காரணமும் சொல்ல மாட்டார். எத்தனை முறை எச்சரித்தாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலூட்டும் தவறு இது.

அமெரிக்கரின் பயத்துக்கும் காரணம் உண்டு. ‘என் தவறு’ என்று சொன்னது நாளை நீதிமன்றத்தில் சாட்சியாகலாம். விபத்துக்குப் பிறகு சொல்லும் ஆறுதல் வார்த்தையைப் பொறுப்பை நிரூபிக்கும் சாட்சியாகக் கொள்ளக்கூடாது என்று மாசசூசெட்ஸ் 1986இல் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஜப்பானில் மன்னிப்பு முன்னால் வரும், காரணம் பின்னால் வரும். 1985 ஆகஸ்டில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் விழுந்து 520 பேர் இறந்தார்கள். 1978இல் போயிங் செய்த பழுதுபார்ப்பு சரியில்லாததே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. அதற்கெல்லாம் காத்திராமல் நிறுவனத் தலைவர் யாசுமோட்டோ தகாகி குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார், பதவியும் விலகினார்.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம், எஹிமே மாரு என்ற ஜப்பானியக் கப்பல். 2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரீன்வில் திடீரென மேலெழுந்து, ஜப்பானின் உவாஜிமா மீன்வளப் பள்ளியின் பயிற்சிக் கப்பலான அதை மோதி மூழ்கடித்தது. மாணவர் நால்வர் உட்பட 9 பேர் இறந்தனர். நீர்மூழ்கியின் தலைவர் ஸ்காட் வாடிலிடமிருந்து முதலில் வந்தது வக்கீல் வழியாக ஒரு வருத்த அறிக்கை. குடும்பங்கள் கேட்டது அவர் நேரில் வந்து தலை வணங்குவதை. அட்மிரல் வில்லியம் ஃபேலனைச் சிறப்புத் தூதராக அனுப்பினார்கள். சுமார் 600 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலைக் கடற்படை ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தி, 8 உடல்களை மீட்டது. வாடில் உவாஜிமாவுக்குப் போனது 2002 டிசம்பரில். அத்தனை பணத்தாலும் உழைப்பாலும் அந்த முதல் நாட்களின் மௌனத்தை ஈடுகட்ட முடியவில்லை.

செய்ய வேண்டியது இது. ‘உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும்’ என்ற அளவில், காரணத்தைத் தொடாத இரண்டு வாக்கியங்களை ஒப்பந்தம் போடும்போதே சட்டப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள். கோளாறு தெரிந்த அன்றே துறைத் தலைவர் போன் செய்து அதைச் சொல்லட்டும். ‘ஆனால்’ என்று தொடரக் கூடாது. வாடிக்கையாளர் தரப்புக்கு ஈடான பதவியில் உள்ளவர் நேரில் போகட்டும். புதிதாக எதுவும் தெரியாவிட்டாலும் சொன்ன நாளில் இடைக்கால அறிக்கை போக வேண்டும். கடைசியாக, மூலக் காரணமும் மறுபடி நடக்காமல் தடுக்கும் ஏற்பாடும், தேதியோடும் பொறுப்பாளர் பெயரோடும்.

அமெரிக்க வாடிக்கையாளரிடம் போகும் ஜப்பானிய நிறுவனம் இதே வரிசையைப் பின்பற்றினால் வேறு வம்பு. நீண்ட மன்னிப்பை அவர் பொறுமையில்லாமல் கேட்பார். எப்போது சரியாகும், செலவு யாருடையது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவரை மட்டும் எல்லோர் முன்னும் புகழ்வது

அமெரிக்காவில் பரிசு, ஜப்பானில் பெரும்பாலும் சங்கடம். குழுவைப் பாராட்டுங்கள், அவரைத் தனியாக.

டிப்ஸ்

ஜப்பானில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம்.

மதிப்பெண்ணை மனிதர்மேல் ஒட்டுவது

‘ஜப்பானியர் என்றால் குழு, அமெரிக்கர் என்றால் தனிமனிதர்’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட் போட்ட பழைய பட்டியலில் தனிமனிதப் போக்குக்கு அமெரிக்கா 91, ஜப்பான் 46. அதே பட்டியலில் தென்கொரியா 18, இந்தியா 48. ஆக ஜப்பான் கடைக்கோடியில் இல்லை, நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அதுவும் நாட்டுச் சராசரி. டோக்கியோவின் புதுத் தொழில்முனைவரிடம் ரிங்கிஷோ பற்றிப் பேசினால் சிரிப்பார். அவரிடம் நேரடியாக விலையைக் கேட்டுவிடலாம்.