பழைய வீடியோ டெக்கைப் புதிய டிவியில் இணைப்பது எப்படி?

இலங்கையின் மலையகத்தில் பல வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் இரண்டு மூன்று வீடியோ கெசட்டாவது கிடக்கும். அக்காவின் மஞ்சள் நீராட்டு, மாமாவின் கல்யாணம், தோட்டத்துத் திருவிழா. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு மாசி மாதத்தில் எடுத்த காமன் கூத்து. அதில் தப்பு அடிப்பவர் எங்கள் தாத்தா. அவர் நடப்பதையும் சிரிப்பதையும் பார்க்க எங்களுக்கு இருப்பது அந்த ஒரு கெசட்தான்.

டெக் இனிமேல் புதிதாக வராது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் இருப்பதைப் பக்குவமாகக் கையாள வேண்டும். வயர் மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

முதலில் கெசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி வழியாக உள்ளே சுற்றியிருக்கும் நாடாவைப் பாருங்கள். கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் நல்லது. ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். நுவரெலியா, தலவாக்கலை பக்கத்து ஈரத்தில் இது சாதாரணமாக வரும். அந்தக் கெசட்டை டெக்கில் போடவே வேண்டாம். பூஞ்சணம் டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கெசட்டுக்கும் பரவிவிடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து டெக்கின் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று வாசியுங்கள். நமக்கு வருவது 230 வோல்ட். ஜப்பானில் பாவித்த டெக் என்றால் 100 வோல்ட் என்றிருக்கும். நேரே பிளக்கில் செருகினால் கருகிவிடும். டிரான்ஸ்போமர் வைத்தாலும் அதில் நம்மூர்க் கெசட் சரியாக ஓடாது. படத்தைப் பதியும் முறை வேறு: அங்கே என்டிஎஸ்சி, இங்கே பிஏஎல்.

இன்னொன்று, குளிர். குளிரான அறையில் இருந்த டெக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால், உள்ளே சுழலும் உருளையில் கண்ணுக்குத் தெரியாமல் நீர் கோர்க்கும். அப்போது கெசட்டைப் போட்டால் நாடா அதில் ஒட்டிச் சுருண்டு அறுந்துவிடும். டெக்கையும் கெசட்டையும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள்.

சரி, இப்போது வயர். டெக்கின் பின்னால் ‘அவுட்’ என்று எழுதிய வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. சில பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒரே துளைதான். அதில் வெள்ளையைக் குத்தினால் போதும். மறுமுனையை டிவியின் ‘ஏவி இன்’ துளைகளில் நிறம் பார்த்துக் குத்துங்கள். மஞ்சள் துளை இல்லாமல், பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் அடையாளம் இருந்தால் மஞ்சள் வயர் அதற்குள்தான் போகும். ஹெட்போன் துளை மாதிரி ஒன்றுதான் இருக்கிறது என்றால், அந்த டிவிக்கென்று வந்த சிறு வயர் வேண்டும். வேறு வயரும் உள்ளே போகும், ஆனால் உள்ளிணைப்பு மாறியிருந்தால் படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்கும்.

ஏவி துளையே இல்லாத டிவிக்கு ஒரு சின்னக் கன்வேர்ட்டர் பெட்டி வாங்கவேண்டும். கடையில் ‘ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ’ என்று தெளிவாகக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் மாற்றும் பெட்டியும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். நான் முதலில் ஹட்டனில் வாங்கி வந்தது அதுதான். ஒரு மாலை முழுக்கப் படமே வரவில்லை. பெட்டிக்கு யூஎஸ்பி வழியாகக் கரண்ட் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் டெக்கை ஓன் செய்து, ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அழுத்தி ஏவியையோ எச்டிஎம்ஐயையோ தெரிவு செய்யுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்பது போய் நீலத்திரையோ புள்ளிகளோ வந்தால் பெரும்பாலும் இணைப்பு சரி.

இப்போதும் அந்த முக்கியமான கெசட்டை எடுக்க வேண்டாம். போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய படக் கெசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நாடாவைக் கடிக்காமல் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் கெசட். முதலில் கடைசிவரை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு பிளே அழுத்துங்கள்; வருடக்கணக்கில் இறுகியிருந்த நாடா தளரும். படத்தில் கோடு ஓடினால் ‘டிராக்கிங்’ பட்டனை மெதுவாகக் கூட்டிக் குறையுங்கள். ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் டிவியில் பட அளவை 4:3 ஆக்குங்கள்.

பார்த்து முடிந்ததும் கெசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். லய வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுக்கும்.