சுவருக்குள் இறங்காத மொமென்ட்

கட்டடத்தின் கணினி மாடலில் இருந்த ஒரு சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. பக்கவாட்டு விசையைத் தாங்கும் ஷியர் வால் இரண்டை இணைக்கும் கப்ளிங் பீமின் முனை மொமென்ட் (வளைக்கும் திருப்பம்) கைக்கணக்கைவிட மிகக் குறைவு. பக்கவாட்டு நகர்வோ அதிகம். மாடலில் சுவர் ஷெல் (தகடு போன்ற பரப்பு) எலிமென்ட், பீம் ஃபிரேம் (கோடு) எலிமென்ட். பீம் முனையில் மொமென்ட்டை விடுவிக்கும் எண்ட் ரிலீஸ் இல்லை. நோடுகளை (எலிமென்ட்கள் சேரும் புள்ளிகளை) மெர்ஜ் செய்தும் மாற்றமில்லை. மெஷ்ஷை, அதாவது சுவரைப் பிரித்த எலிமென்ட் வலையை, பொடியாக்கினால் மொமென்ட் இன்னும் இறங்கியது. துப்பு அதுதான்: மெஷ் நுணுக நுணுக விடை நிலைக்காவிட்டால் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

ஷெல்லின் தளத்துக்குள்ளேயே நோடு திரும்புவதை, அதாவது டிரில்லிங் சுழற்சியை, தடுக்கும் விறைப்பு சொற்பம். சில எலிமென்ட்களில் அறவே கிடையாது. ஆகவே ஒற்றை நோடில் முட்டும் பீம் கிட்டத்தட்ட மொமென்ட் கடத்தாத கீல்தான். சுவருக்குக் குறுக்காக வரும் பீமுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை; அங்கே ஷெல்லின் வளைவு விறைப்பு கைகொடுக்கிறது. அதனால்தான் மாடலில் மற்ற பீம்கள் ஒழுங்காகத் தெரிந்தன.

பீமைச் சுவருக்குள் பீமின் ஆழத்துக்குக் குறையாமல் நீட்டி, வழியிலுள்ள ஒவ்வொரு ஷெல் நோடிலும் உடைத்து இணைத்தேன். பொடி மெஷ்ஷில் ஒரு எலிமென்ட் தூரம் போதாது. மொமென்ட் இப்போது செங்குத்து விசை ஜோடியாகச் சுவருக்குள் போகிறது, கைக்கணக்கோடும் ஒத்துவருகிறது. நீட்டிய துண்டின் சுய எடையைப் பூஜ்யமாக்குங்கள், நிறையையும்தான். இல்லாவிட்டால் இரட்டைக் கணக்காகும். அதன் விசைகளை வைத்துக் கம்பி கணக்கிடாதீர்கள்.